மேடை, திரை, தொடர்: கே. பாலசந்தரின் படைப்பு வாழ்வில் சபா நாடகத்தின் நீட்சி

முன்னுரை

கே. பாலசந்தரின் (1930–2014) படைப்பு வாழ்வை மூன்று பருவங்களாகப் பகுத்துரைப்பது வழக்கம். நாடகம் அவருக்குப் பயிற்சிக் களம், திரைப்படம் உச்சம், தொலைக்காட்சி ஓய்வுக்கால உழைப்பு. நினைவஞ்சலிக் கட்டுரைகள் முதல் பட்டப்படிப்புக்கான பாடக் குறிப்புகள் வரை இப்பகுப்பே ஆளப்படுகிறது. இதில் ஒரு மதிப்பீடு மறைந்துள்ளது. முதற்பருவமும் இறுதிப் பருவமும் நடுப்பருவத்தின் பொருட்டே பேசப்படுகின்றன. நாடகங்கள் பின்னாளைய படங்களுக்கு வித்தானவை என்ற அளவிலும், தொடர்கள் படங்களுக்குப் பின் எஞ்சியவை என்ற அளவிலுமே இடம் பெறுகின்றன.

பாலசந்தரின் கதையாக்கத்திற்கு அடிப்படையான வடிவம் 1950களின் சென்னைச் சபா நாடகம் என்றும், திரைப்படத்தில் அவர் அவ்வடிவத்தோடு ஓயாது போராடினார் என்றும், தொலைக்காட்சித் தொடரில் அது தன் இயல்பான இடத்தை மீண்டும் அடைந்தது என்றும் இக்கட்டுரை கருதுகிறது. இக்கருத்து ஏற்கப்படுமாயின் தொலைக்காட்சிப் பருவத்தை வீழ்ச்சி என ஒதுக்குதல் இயலாது. அப்பருவம் எதை இழந்தது, எதைப் பெற்றது என்பதைத் தனியே ஆராய வேண்டியிருக்கும்.

அலுவலகமும் மேடையும்

பாலசந்தர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபின், 1950இல் சென்னையில் மாநிலத் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்காலம் பகலில் கோப்புகளும் மாலையில் ஒத்திகையுமாக அவர் வாழ்வு கழிந்தது.

இவ்விரட்டை வாழ்வு அவர் ஒருவருக்கே உரியதன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்துத் தொழில் புரிவோர் மாலை நேரத்தில் நாடகம் ஆடலாம் என்னும் மரபைத் தமிழில் நிறுவியது. நாடகத்தையே வாழ்வாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற நவாப் இராசமாணிக்கம், டி.கே.எஸ். சகோதரர்கள் ஆகியோரின் குழுக்கள் ஒருபுறம் இருக்க, அலுவலகம் செல்வோரின் பயில்முறைக் குழுக்கள் மறுபுறம் வளர்ந்தன. 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் தோன்றியது. 1954இல் விவேகா பைன் ஆர்ட்ஸ் தோன்றியது. பின்னர் அது சோவின் குழுவாகவே அறியப்பட்டது. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் இவ்வரிசையில் வருவது.

பயில்முறைக் குழுவின் புறச்சூழலே அதன் நாடக வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம். நடிகர்கள் மறுநாட் காலை அலுவலகம் செல்ல வேண்டியவர்கள். ஆகவே நாடகம் விடியும்வரை நீளாது, இரண்டரை மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும். சபாக்களின் அரங்குகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே காட்சியமைப்பு ஒரு வண்டியில் ஏற்றத்தக்கதாக, பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடமாக இருக்கும். பாடி நடிக்கத் தெரிந்தோர் குறைவு. எனவே இசை பின்னணிக்கு ஒதுங்க, உரையாடல் முன்னுக்கு வந்தது. சங்கரதாசு சுவாமிகள் மரபின் பாட்டும் தர்க்கமும் நிரம்பிய நாடகத்திலிருந்து இது பெரிதும் விலகியது.

திராவிட இயக்க நாடகத்தினின்றும் இது வேறுபட்டது. காஞ்சிபுரத்து அண்ணாவின் வேலைக்காரி (திரை வடிவம் 1949), ஓர் இரவு (திரை வடிவம் 1951) ஆகியவையும் மேடையிலிருந்து திரைக்குச் சென்றவையே. அங்கும் உரையாடலே உயிர். ஆனால் அது அவையை நோக்கிய உரையாடல். எதிரில் நிற்கும் பாத்திரத்தைக் கடந்து மக்களிடம் பேசுவது. அடுக்கும் எதுகையும் கொண்டது. பாலசந்தரின் பாத்திரங்கள் ஒருவரையொருவர் இடைமறித்துப் பேசுவன. ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் பிடுங்கி வேறு பொருளில் திருப்பித் தருவார். அது அலுவலக இடைவேளையின் பேச்சு. கோப்பில் எழுதப்படும் குறிப்புக்கு மேலதிகாரி எழுதும் மறுகுறிப்பின் சாயலும் அதில் உண்டு.

இக்காலத்தே உருவான நாடகங்களுள் மேஜர் சந்திரகாந்த் முதன்மையானது. அலுவலக நிகழ்ச்சிக்காக முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்பட்ட இந்நாடகத்தில் பார்வையிழந்த ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர், கொலை செய்துவிட்டு ஓடிவந்த இளைஞனுக்குத் தம் வீட்டில் அடைக்கலம் தருகிறார். கொலையுண்டவன் தம் இளைய மகனே என்பதை அவர் அறியார்; மூத்த மகனோ காவல் அதிகாரி. இந்தியில் ஊஞ்சே லோக் (1965) என்றும், தமிழில் பாலசந்தரின் இயக்கத்திலேயே 1966இலும் இது படமாயிற்று. அப்பாத்திரத்தை ஏற்ற சுந்தரராஜனுக்கு மேஜர் என்பது பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது. சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, மெழுகுவர்த்தி, நாணல், எதிர்நீச்சல், நவக்கிரகம் ஆகியவை இக்குழுவின் பிற நாடகங்கள். நாகேஷ், ஸ்ரீகாந்த், இசையமைப்பாளர் வி. குமார் ஆகியோர் இக்குழுவினின்று திரைக்குச் சென்றோர்.

திரையுலகம் அவரை முதலில் அழைத்தது உரையாடல் எழுதுவதற்கே. எம்.ஜி.ஆர். நடித்த தெய்வத்தாய் (1964) அவ்வாறு அமைந்தது. அதே ஆண்டில் சர்வர் சுந்தரம் ஏ.வி.எம். நிறுவனத்தாரால் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. 1965இல் நீர்க்குமிழி வழியாகப் பாலசந்தர் தாமே இயக்குநரானார்.

அறையும் குரலும்

நீர்க்குமிழியின் கதை ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனை ஒன்றினுள் நிகழ்கிறது. வெளிப்புறக் காட்சிகளும் கனவுப் பாடல்களும் வெற்றியின் இன்றியமையாக் கூறுகளாகக் கருதப்பட்ட காலத்தில், புதிய இயக்குநர் ஒருவர் நோயாளிகளின் கட்டில்களைச் சுற்றியே கதையை நடத்தியது துணிவு எனப் பாராட்டப்படுகிறது. துணிவு என்பது உண்மையே. ஆயினும் வேறு விதமாகக் கதை சொல்ல அவருக்கு அப்போது தேவை ஏற்படவில்லை என்பதும் உண்மை. கட்டில்கள், ஒரு வாயில், வருவோர் போவோர்: மேடை அப்படியே திரைக்கு வந்திருக்கிறது.

எதிர்நீச்சல் (1968) இவ்வறையை விரிக்கிறது. பல குடித்தனங்கள் வாழும் ஒரு வீடு. அதன் மாடிப்படியின் கீழ் உறங்கும் மாது என்னும் ஏழை மாணவன். மாடிப்படி மேடையமைப்பின் ஒரு கருவி. பாத்திரங்களை மேலும் கீழுமாக அனுப்பவும் ஒட்டுக் கேட்கவைக்கவும் உதவுவது. பாலசந்தர் அதனைச் சமூகப் படிநிலையின் குறியாக மாற்றினார். எல்லோரும் ஏறி இறங்கும் படியின் அடியில் எல்லோருக்கும் ஏவல் செய்பவன் கிடக்கிறான். இப்படத்தில் இருமல் தாத்தா என்றொரு பாத்திரம் உண்டு. அவர் முகம் காட்டப்படுவதில்லை. இருமல் ஒலி மட்டும் கேட்கிறது. வீட்டார் அவ்விருமலைக் கொண்டே அவர் மனநிலையை அறிந்துகொள்கின்றனர்.

காணப்படாத பாத்திரம் மேடையின் பழைய உத்தியே. செலவில்லாதது; ஒரு நடிகர் குறைவு. தமிழ் இலக்கிய மாணவர்க்கு இங்கு வேறொன்றும் நினைவுக்கு வரக்கூடும். தலைவன் சிறைப்புறமாக நிற்கத் தோழி தலைவிக்குக் கூறுவதாக அமைந்த அகப்பாடல்களில், கேட்க வேண்டியவன் கண்ணுக்குத் தெரியாமலே கூற்றின் பொருளை மாற்றிவிடுகிறான். சொல்லப்படுவது ஒருவருக்கு, சென்று சேர வேண்டுவது மற்றொருவருக்கு. பாலசந்தர் அம்மரபை அறிந்து கையாண்டார் எனச் சொல்ல இடமில்லை. எனினும் கூற்று, கேட்போர் ஆகிய செய்யுளியற் கருத்துகளைக் கொண்டு அவருடைய காட்சிகளை ஆராய்வது, திரைமொழிக் கலைச்சொற்களைக் கொண்டு மட்டும் ஆராய்வதைவிடப் பயன் தருகிறது.

அவர்கள் (1977) படம் இதற்குத் தக்க சான்று. கணவனைப் பிரிந்து குழந்தையோடு வாழும் அனுவைக் காதலிக்கும் ஜனார்த்தனன், தன் மனத்தை நேரே சொல்லும் ஆற்றல் இல்லாதவன். அவன் கையிலுள்ள பொம்மை அதனைச் சொல்கிறது. சொல்வோன் ஒருவன், வாய் மற்றொன்று. நாணமும் பணிவும் கொண்ட ஜனார்த்தனனுக்குரிய கூற்று ஒன்று, அவனிடமிருந்து பிரிந்து ஒரு மரப்பொம்மைக்குரியதாகிறது. பொம்மையின் பேச்சைக் கேட்டு அனு சிரிக்கலாம், சினக்க வேண்டியதில்லை. அவன் மறுப்புக்கு ஆளாகாமலே பேசிவிடுகிறான். அதனாலேயே அவன் பேச்சு முழுமையாகக் கேட்கப்படாமலும் போகிறது. இதனை அகன்ற திரை கோரவில்லை. இரண்டு முகங்களும் ஒரு பொம்மையும் அமரும் அளவுள்ள சட்டகம் போதும்.

அறையை விட்டு வெளியேறும் முயற்சிகளும் அவரிடம் உண்டு. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய தண்ணீர் தண்ணீர் (1981) அவற்றுள் தலையாயது. அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊரின் வெயிலை பி.எஸ். லோகநாத்தின் ஒளிப்பதிவு திரைக்குக் கொண்டுவந்தது. சிறந்த தமிழ்ப் படத்திற்கும் திரைக்கதைக்குமான தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. மேடையில் பேசப்பட்ட தண்ணீர்ப் பஞ்சம் திரையில் காணப்பட்டது. அச்சமில்லை அச்சமில்லையும் (1984) இவ்வழியில் செல்கிறது. இவ்விரு படங்களையும் பாலசந்தரின் இயல்பான வளர்ச்சி எனக் கொள்வதைக் காட்டிலும் தன் வடிவத்தை எதிர்த்து அவர் நிகழ்த்திய வெற்றிகள் எனக் கொள்வதே பொருந்தும். 1985இல் சிந்து பைரவி அவரை மீண்டும் வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்துவிட்டது.

‘தொடர்கதை’ என்னும் சொல்

பாலசந்தர் தொலைக்காட்சிக்குச் செல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய படமொன்றின் தலைப்பில் தொடர் வந்துவிட்டது. அவள் ஒரு தொடர்கதை (1974) என்பதில் உள்ள தொடர்கதை, அன்றைய வாசகர்க்கு வார இதழை நினைவூட்டிய சொல். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்ததுபோல், வாரந்தோறும் ஒரு பகுதியாக வந்து, இறுதியில் ‘தொடரும்’ என்று நிற்பது. பெண்ணின் வாழ்வுக்கு அச்சொல்லை உருவகமாக்கியது எளிய சொல்லாட்சி போலத் தோன்றினும் அதனுள் ஒரு கதையமைப்புக் கொள்கை இருக்கிறது.

கவிதா தன் சம்பளத்தால் குடும்பத்தைத் தாங்குகிறாள். தந்தை துறவு பூண்டு வீட்டை விட்டுச் சென்றவர், அண்ணன் குடிகாரன், விதவைத் தங்கை, அண்ணி, குழந்தைகள் எல்லோரும் அவளை நம்பியிருக்கின்றனர். தனக்கென ஒரு வாழ்வு அமையும் நேரத்தில் குடும்பம் மீண்டும் அவள் தோளில் விழுகிறது. படம் எந்த அன்றாடத்தில் தொடங்கியதோ அதே அன்றாடத்திற்கு, வேலைக்குச் செல்லும் பெண்ணாக, அவள் திரும்புகிறாள்.

குடும்பத்திற்காக உழைக்கும் மகளின் கதையை ரித்விக் கட்டக் மேகே டாக்கா தாராவில் (1960) சொல்லியிருந்தார். அங்கு நீத்தா காசநோயால் மடிகிறாள். வாழ விரும்பும் அவள் குரல் மலைகளில் எதிரொலிக்கிறது. அது துன்பியலின் முடிவு. கவிதாவுக்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. மறுநாளும் அவள் வேலைக்குச் செல்ல வேண்டும். மரணத்தைவிடக் கொடிய முடிவு இதுவோ என்று கேட்கத் தோன்றுகிறது. வடிவ நோக்கில் இதன் சிறப்பு வேறொன்றில் உள்ளது. தொடக்கமும் முடிவும் ஒன்றாகும் கதைக்கு முடிவே கிடையாது. இவ்வமைப்பு திரைப்படத்தினுடையதன்று, தொடரினுடையது. பாலசந்தர் இக்கதையைத் தெலுங்கில் அந்துலேனி கதா (1976) என்றும், கன்னடத்தில் பெங்கியல்லி அரளித ஹூவு (1983) என்றும் தாமே மீண்டும் இயக்கினார். தெலுங்குத் தலைப்பின் பொருள் ‘முடிவில்லாத கதை’ என்பதாகும்.

அரங்கேற்றத்தின் (1973) லலிதா, கவிதா, அவர்கள் அனு ஆகியோரைத் தொடர்ந்து பார்த்தால் ஒரே பெண்ணின் மூன்று அத்தியாயங்கள் போல் தோன்றுகின்றனர். அவர்கள் படத்தின் இறுதியில் அனு மூன்று ஆண்களையும் விட்டு ஊரைவிட்டே செல்கிறாள். அவளோடு செல்பவர் மாமியார். மாமியார்–மருமகள் உறவு பின்னாளில் தமிழ்த் தொடர்களின் நிலைத்த பகைக்களமாயிற்று. அதனை நோக்கும்போது இம்முடிவின் அருமை மேலும் விளங்குகிறது. பாலசந்தர் தொடருக்கு வழங்கிய கொடைகள் எல்லாவற்றையும் தொடர் ஏற்றுக்கொள்ளவில்லை.

சின்னத்திரையின் நெறிமுறைகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1984இல் தூர்தர்ஷனில் வெளிவந்த ஹம் லோக் இந்திய மொழிகளில் நெடுந்தொடருக்குத் தோற்றுவாய் ஆயிற்று. திரைப்பட இயக்குநர் பலர் அக்காலத்துத் தூர்தர்ஷனுக்குப் பணியாற்றினர். சத்யஜித் ராயின் சத்கதி (1981), கோவிந்த் நிகலானியின் தமஸ் (1988), ஷியாம் பெனகலின் பாரத் ஏக் கோஜ் (1988) ஆகியவை அவ்வகையின. இவை இலக்கியத்தையோ வரலாற்றையோ தழுவியவை, அரசின் ஆதரவில் உருவானவை, தம்மளவில் முடிவுற்றவை. தமிழில் பாலு மகேந்திரா சிறுகதைகளைக் கொண்டு உருவாக்கிய கதை நேரமும் வாரம் ஒரு கதையாக முடிவுறும் வடிவமே.

பாலசந்தரின் வழி வேறு. தூர்தர்ஷனில் வந்த ரயில் சிநேகத்தில் தொடங்கி, கையளவு மனசு, ரகுவம்சம், காதல் பகடை, பிரேமி, ஜன்னல், அண்ணி, சஹானா என அவர் தொடர் வடிவத்திலேயே நிலைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் தனியார் அலைவரிசைகள் பெருகின. பதின்மூன்று வாரம் என்னும் தூர்தர்ஷன் அளவு தளர்ந்தது. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தைக் கட்டணம் செலுத்திப் பெற்று, விளம்பரங்களால் அதனை ஈடுசெய்யும் முறை நிலைபெற்றது. விளம்பரம் கிடைக்கும்வரை கதை நீளும். 1999இல் சித்தி தொடங்கி நாள்தோறும் ஒளிபரப்பானபோது நெடுந்தொடர் தமிழ்க் குடும்பங்களின் மாலைப்பொழுதை முழுமையாக ஆட்கொண்டது.

இப்பொருளியல் சபா நாடகத்தின் பொருளியலோடு வியப்பூட்டும் அளவில் ஒத்துப்போகிறது. செலவுக் குறைவு கருதி ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப்படுகிறது. கதை அதன் கூடத்திலும் சமையலறையிலும் நிகழ்கிறது. குறுகிய காலத்தில் பல காட்சிகளை எடுக்க வேண்டியிருப்பதால் உரையாடலே செயலை முன்னெடுத்துச் செல்கிறது. சிறிய திரையில் தொலைக்காட்சி எடுபடாது, முகமே எடுபடும். மேடையில் ஒரு கூரிய சொல்லோடு விளக்கணைந்து காட்சி முடியும். தொடரில் ஒரு முகத்தின் அதிர்ச்சியோடு ‘தொடரும்’ என்னும் எழுத்து வரும். இவ்வெட்டைப் பாலசந்தர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. படங்களில் அவருடைய உரையாடல் மிகை என்று குறைகூறியோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. தொடரில் அதே உரையாடல் குறையாகத் தோன்றவில்லை.

இதற்கு மாறான சான்று அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனத்திலேயே கிடைக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசத்தின் விடாது கருப்பு, கிராமத்துக் காவல் தெய்வத்தையும் குதிரையையும் இரவையும் வெளிப்புறத்தையும் முதன்மைப்படுத்தியது. அது அறையை நம்பவில்லை. தொடர் என்றாலே கூடமும் சமையலறையும்தான் என்னும் முடிவுக்கு வருவோர் இதனைக் கருத வேண்டும். பாலசந்தரின் தொடர்கள் அறைக்குள் அமைந்தது தொலைக்காட்சியின் கட்டாயத்தால் மட்டுமன்று. அவருடைய கலையின் தேர்வாலும் ஆகும்.

முடித்த கதையைத் திறத்தல்

தொடர் வடிவம் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதைச் சஹானா காட்டுகிறது. இது சிந்து பைரவியின் தொடர்ச்சியாக ஜெயா தொலைக்காட்சியில் வந்தது.

சிந்து பைரவியில் மூன்று பேர். கருநாடக இசைப்பாடகர் ஜே.கே.பி.; இசையறிவற்ற, மகப்பேறில்லாத மனைவி பைரவி; கச்சேரியில் தமிழ்ப்பாட்டு ஏன் பாடுவதில்லை என்று அவையிலேயே கேட்கும் சிந்து. தமிழிசை இயக்கம் 1940களில் எழுப்பிய வினாவை ஒரு பெண்ணின் வாயில் வைத்து, அவ்வினாவிலிருந்தே காதலைத் தோற்றுவித்தது இப்படத்தின் நுட்பம். இறுதியில் சிந்து தான் பெற்ற குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரிகிறாள். நடிப்புக்காகச் சுகாசினிக்கும், இசைக்காக இளையராஜாவுக்கும், பாட்டுக்காகச் சித்ராவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

சிந்துவின் பிரிவுக்கு ஆற்றல் தருவது அதன் பின்விளைவு சொல்லப்படாமையே. அவள் எங்கே சென்றாள், குழந்தை உண்மையை அறியுமா, பைரவி அக்குழந்தையின் முகத்தில் யாரைக் காண்பாள் என்பவை பார்வையாளரிடம் விடப்பட்டன. சஹானா இவ்வமைதியைக் கலைத்து, அக்குடும்பத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றது. தியாகம் என்று முடிந்த செயல், மீண்டும் பேசித் தீர்க்க வேண்டிய சிக்கலாயிற்று. இதனை இழப்பு என்றே கொள்ள வேண்டும். சிந்துவின் மௌனத்திற்கு ஈடான ஒன்று தொடரால் தர முடிந்ததில்லை.

ஆயினும் இழப்பு ஒருபக்க உண்மை. படத்தில் அக்குழந்தை ஒரு பரிசுப்பொருள். பெற்றவளும் வளர்ப்பவளும் தந்தையும் அதனைப் பற்றி முடிவெடுக்கின்றனர். இரண்டரை மணி நேரக் கதையால் அக்குழந்தை வளர்ந்து வினவும்வரை காத்திருக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் நீளும் வடிவம் ஒன்றுதான் தியாகத்தின் செலவை யார் ஏற்றனர் என்ற கணக்கைப் பார்க்க முடியும். கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றியவர் அக்கணக்கைத் திறந்து பார்க்க விரும்பியதில் வியப்பில்லை.

ஊர்ப்புறத்துப் பார்வையாளர்

சபா நாடகத்தின் பார்வையாளர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழ்ந்த நடுத்தர வகுப்பினர். அவ்வறைக்குள் நிகழ்ந்த பேச்சு அவர்களுடைய பேச்சு. தொலைக்காட்சி இவ்வறையை அதற்கு முன் சென்றிராத இடங்களுக்குக் கொண்டுசென்றது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரம் போன்ற ஏரிப்பாசன ஊர்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தொண்டைமண்டலத்து ஊர்களுக்குத் தொடர்கதை புதிதன்று. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் பல நாள்கள் தொடர்ந்து நிகழும். முதல்நாள் விட்ட இடத்தில் மறுநாள் தொடங்கும். துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் விழா நிறைவுறும். கூத்துப் பார்ப்போர்க்கு முடிவு முன்பே தெரியும். அடுத்து என்ன என்பதைவிட எவ்வாறு என்பதே அவர்களை அமர்த்தி வைப்பது. மேலும் அக்கதை எல்லோரும் கூடிய வெளியில், ஊர் முழுவதும் விழித்திருக்க நிகழ்வது. தொலைக்காட்சித் தொடர் இவ்விரண்டையும் மாற்றியது. முடிவு தெரியாமை அதன் ஈர்ப்பு. தனித்தனி வீடு அதன் அரங்கு. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திற்குப் பின் குடிசைகளிலும் இவ்வரங்கு அமைந்தது.

இங்கு எழும் வினா, நகர்ப்புறக் கூடத்தின் கதை இவ்வூர்களில் எவ்வாறு பொருள்பட்டது என்பது. விடையின் ஒரு பகுதி தொலைக்காட்சிக்கு வெளியே இருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்திலும் ஆலைகள் பெருகின. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் பெருந்தொகையினராக வேலைக்குச் சென்றனர். விடியற்காலைப் பேருந்து, மாதச் சம்பளம், அதனை எதிர்நோக்கும் தம்பியின் படிப்பு, தள்ளிப்போகும் திருமணம்: 1974இல் சென்னை நடுத்தர வகுப்புப் பெண்ணொருத்தியின் கதையாக இருந்தது முப்பது ஆண்டுகளில் ஊர்ப்புறத்து உழவர் குடும்பத்துப் பெண்ணின் கதையாக மாறியிருந்தது. 2014இல் நோக்கியா உற்பத்தியை நிறுத்தியபோது அவ்வேலைகளும் இல்லாமற்போயின. கவிதாவின் கதையில் அலுவலகம் என்பது நிலையானது, குடும்பமே நிலையற்றது. இப்பெண்கள் வாழ்வில் இரண்டும் நிலையற்றவை. உழைக்கும் மகளின் கதையைத் தொடர்கள் இன்றும் விடாது சொல்லிவருகின்றன. ஆயினும் ஆலை மூடப்படுவதைக் கதையின் திருப்பமாக்கத் துணிந்தவை அரிது. கூடத்தை மையமாகக் கொண்ட வடிவத்தின் எல்லை இவ்விடத்தில் புலப்படுகிறது. தண்ணீர் தண்ணீரில் பாலசந்தர் ஒருமுறை கடந்த எல்லை அது.

பாதுகாப்பும் பயிற்சியும்

இவ்வகை ஆய்வுக்குப் பெருந்தடை மூலங்களைப் பற்றியது. பாலசந்தரின் நாடகங்கள் இன்று பெரும்பாலும் திரைவடிவங்களின் வழியாகவே அறியப்படுகின்றன. தொடர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கத்தால் பிபிசி நிறுவனமே 1960களின் நிகழ்ச்சிகள் பலவற்றை இழந்தது. நூலகத்தில் தொடர்கதையின் பழைய இதழைத் தேடி எடுக்கும் ஆய்வாளர், நெடுந்தொடர் ஒன்றின் நடுப்பகுதியைத் தேடினால் அதனைக் கண்டடைவது நற்பேறு. தமிழ்த்துறைகள் நாடகப் பனுவல்களைப் பதிப்பிப்பதுபோல் தொடர்களின் கதைச்சுருக்கம், காட்சிநிரல், உரையாடற்படி ஆகியவற்றையேனும் திரட்டத் தொடங்குதல் வேண்டும். அவற்றை எழுதியோரும் நடித்தோரும் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

தொடர்களின் பயனாகப் பதிவில் எஞ்சியிருப்பது அவற்றில் பயின்றோரின் பட்டியல்தான். பாலசந்தரின் திரைப்படக் கூடத்திலிருந்து விசு, சுரேஷ் கிருஷ்ணா, வஸந்த், சரண் முதலியோர் வந்தனர். அது அறியப்பட்ட செய்தி. தொலைக்காட்சிக் கூடத்திலிருந்து வந்தோர் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பார்த்தாலே பரவசம் (2001) படத்தில் அவரிடம் உதவி இயக்குநராக இருந்த சமுத்திரக்கனி, அண்ணி தொடரை இயக்கியபின் நாடோடிகள் (2009) முதலிய படங்களை இயக்கினார். மர்மதேசத்தின் நாகா 2010இல் ஆனந்தபுரத்து வீடு வழியாகத் திரைக்குச் சென்றார். பாலசந்தரின் கூடத்தைச் சாராத திருமுருகனும் மெட்டி ஒலி என்னும் நெடுந்தொடரை முடித்தபின்னரே எம்டன் மகனை (2006) இயக்கினார். ஆசிரியர் மேடையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து தொடருக்கும் சென்றார். மாணவர்க்கு மேடை இல்லை. சபாக்களின் நாடக வாரங்கள் அதற்குள் சுருங்கிவிட்டன. குறைந்த செலவில், ஒரு வீட்டுக்குள், நாள்தோறும் நடிகரை இயக்கிப் பழகும் களமாக அவர்களுக்கு அமைந்தது தொடர். 1950களில் ராகினி ரிக்ரியேஷன்ஸ் பாலசந்தருக்கு அளித்த பயிற்சியைத்தான் அது அவர்களுக்கு அளித்தது.